காலியாக இறங்கும் லாரி

விடிந்ததும் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

என் மனைவி குள்ளம். கால் எட்டுவதற்காக இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். இழுத்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. அவளுக்குப் பிறகு வந்த டிரைவரும் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் ஓட்டினான். வெறும் ரோட்டிலும் ஹாரன் அடிப்பான். கடையில் அவனுக்குப் பெயரே ஹாரன். இன்று காலையில் போன் செய்து வயிற்று வலி என்றான்.

மாமனாரின் விறகுக் கடைக்கு இருப்பது இந்த ஒரு லாரி. வாங்கியவளும் ஓட்டியவளும் அவள்தான். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. டவுனில் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் கடைக்கு வந்தேன். வந்து பார்த்ததில் விறகில் நஷ்டம் இல்லை. விறகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் நஷ்டம்.

அதற்குச் சகலை ஒரு வழி சொன்னார். என் மனைவியின் அக்கா கணவர். மலையடிவாரத்தில் மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறார்.

"லாரியை எனக்கு விலைக்குக் குடுத்துடுங்க. நீங்க விறகை வெட்டுங்க, நான் கொண்டுபோய்ப் போடறேன். டன்னுக்கு இவ்வளவுன்னு கூலி. உங்களுக்குத் தலைவலி மிச்சம்."

மாமா சம்மதித்துவிட்டார். லாரி அவள் பெயரில் இருந்தது. இப்போது கையெழுத்து என்னுடையது. போன வாரம் கேட்டார்கள். சரி என்றேன்.

இன்று சாயங்காலம் சகலை பேப்பரோடு வருகிறார்.

மாமா கேட்டுக்குப் பக்கத்தில், பெரிய தராசை ஒட்டி நின்றிருந்தார். லாரியைப் பார்க்காமல் பேசினார்.

"ஹாரன் வரலியா மாப்ளை?"

"வயித்து வலியாம்."

"அப்ப இன்னிக்கு ட்ரிப்பை விட்டுடுங்க. நாளையில இருந்து பெரிய மாப்ளை பாத்துக்கப் போறாரு."

"பேக்கரிக்கு இன்னிக்குப் போகலேன்னா நாளைக்கு அடுப்பு எரியாது மாமா."

"சரி. பேக்கரிக்குப் போட்டுட்டு வந்துடுங்க."

"மலைக்கும் போறேன்."

அவர் தராசுத் தட்டைக் கையால் துடைத்தார். அதில் ஒன்றும் இல்லை.

மலை மேல் ஒரு பழத்தோட்டம் இருக்கிறது. பழம் உலர்த்தும் ஷெட்டுக்கு வாராவாரம் எங்கள் விறகு. நாங்கள் போகும் இடங்களிலேயே தூரம் அதுதான். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறியே பாதி டீசல் தீரும். டயர் தேயும். இறங்கும்போது வண்டி காலி. இவ்வளவுக்கும் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் டெலிவரி கூலி கிடையாது. கூலி வேண்டாம் என்று அவள் ஏற்பாடு செய்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து நான் எதையாவது சரிசெய்யப் பார்க்கிறேன். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை லாரி வரும் என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன். ஒரே தெருவுக்கு வாரத்தில் இரண்டு முறை அரை லோடு போகக் கூடாது என்பதற்காக. மாமா கோபித்துக்கொண்டார். "விறகு கேட்டு போன் பண்றவன்கிட்ட வியாழக்கிழமை வரும்னு சொன்னா, அவன் புதன்கிழமையே கேஸ் வாங்கிடுவான்." போர்டு இன்னும் தொங்குகிறது. அதன் ஆணியில் மாமா குடையை மாட்டுகிறார்.

மலைக்குக் கூலி வாங்கலாம் என்று பேச்செடுத்தால் மட்டும் அவருக்குக் கோபமே வராது. தலையைக் குனிந்துகொள்வார்.

"அது அவ வாயால சொன்னது மாப்ளை."

இப்போதும் அதையேதான் சொன்னார்.

"தெரியும் மாமா. வண்டி சகலை அண்ணன் கைக்குப் போனா எப்படியும் கூலி கேப்பாரு. அவர் ஆள் போய்ச் சொல்றதைவிட நாமளே நேர்ல போய்ச் சொன்னா மரியாதை."

"நீங்க சொல்ல வேண்டாம்."

குரல் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. அத்தை. என் மாமியார். வெளியே போகும் செருப்பு, கைப்பை, குடை.

"என் பொண்ணு கொடுத்த வார்த்தையை மாத்தணும்னா நான் மாத்தறேன். நானும் வர்றேன்."

"லாரியிலயா?" என்றார் மாமா. "ஏறவே உனக்கு ஏணி வேணுமே."

"அப்ப ஏணி எடுத்துட்டு வாங்க."

மாமா உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை ஏறி உட்கார்ந்ததும், ஸ்டூலையும் காலடியில் வைத்தார். இறங்க வேண்டுமே.

நான் சாவியைத் திருகினேன். எஞ்சின் சத்தம் வந்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரியை விற்க அவர் சம்மதித்ததற்குக் கூலிக் கணக்கு மட்டும் காரணமில்லை. போன வாரம் என்னிடம் சொன்னார்: "இந்தச் சத்தம் கேட்டா கேட்டைத் திறக்க ஓடறேன் மாப்ளை. ஓடின பிறகுதான் ஞாபகம் வருது."

பேக்கரி டவுனின் பழைய தெருவில். அகலம் குறைவு. லாரி நின்றால் பின்னால் எதுவும் வர முடியாது.

பின் கதவைத் திறந்தேன். பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம விறகு இல்லையே. நம்மது சின்னதா பிளந்திருக்குமே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தம்பி, அவரோட விறகு எங்க?" அத்தை கேபின் ஜன்னலிலிருந்து கேட்டார்.

"முன்னால இருக்கு."

"முன்னாலன்னா?"

"உங்க முதுகுக்குப் பின்னால."

பேக்கரி முதலில் என்பதால் நேற்றே பேக்கரி விறகை முதலில் ஏற்றியிருந்தேன். அதற்குப் பின்னால், கதவு வரை, மலை விறகு. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். விறகு வியாபாரத்தில் இதைவிடச் சின்னப் பாடம் கிடையாது.

அத்தை ஸ்டூலை இறக்கி, அதன் மேல் இறங்கி, குவியலைப் பார்த்தார்.

"படிச்ச மாப்ளைன்னு சொந்தக்காரங்ககிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். கொஞ்சம் பாத்து."

"சரி அத்தை."

மலை விறகைத் தெருவில் இறக்கினேன். பேக்கரி ஆட்கள் கைகொடுத்தார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் வந்து நின்றார். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். "நீங்களும் நாலு கட்டை எடுத்துப் போட்டா சீக்கிரம் முடியும்" என்றார் அத்தை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேக்கரி விறகு இறங்கியது, மலை விறகு மீண்டும் ஏறியது. காலை போய்விட்டது.

கதவைக் கொக்கி போடும்போது பேக்கரிக்காரர் கேட்டார்.

"அந்த ஓரத்துண்டு இப்ப வர்றதே இல்லையே தம்பி? அடுப்பு பத்த வெக்க அதுதான் சுகம். டக்குனு பிடிச்சுக்கும்."

மரத்தை அறுக்கும்போது பட்டையோடு கழியும் மெல்லிய துண்டுதான் ஓரத்துண்டு. வாராவாரம் சகலையின் மில்லிலிருந்து எங்கள் கடைக்கு வரும். அவள்தான் ஏற்றிவருவாள். பெரிய மாப்பிள்ளை சும்மா கொடுக்கிறார் என்று மாமா கடைக்கு வருபவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அவள் போன பிறகு அது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. சும்மா வந்ததை எப்படிக் கேட்பது?

"வந்தா சொல்றேன்" என்றேன்.

"மில்லுலயே போய்க் கேட்டேன். குடுக்கறாரு. ஆனா விலை அடுப்பைவிடச் சூடா இருக்கு."

அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

டவுனைத் தாண்டியதும் அத்தையின் போன் அடித்தது. பெரியவள். சகலையின் மனைவி. அவளுடைய குரல் எப்போதும் போனுக்கு வெளியே கேட்கும்.

"அம்மா, எங்க இருக்க?"

"கடைத்தெருவுல."

"லாரி சத்தம் கேக்குது?"

"கடைத்தெருவுல லாரி வராதா?"

"சாயங்காலம் அவர் வர்றாரும்மா. நானும் வர்றேன். அப்பா மனசு மாறிடாம பாத்துக்கன்னு சொல்லச் சொன்னாரு."

"பாத்துக்கறேன்."

போனைப் பைக்குள் போட்டார். எடுத்தார். மறுபடியும் போட்டார். சாலை மேலேறத் தொடங்கியது. இரண்டாவது கியர். சூடான எஞ்சின் வாசனை கேபினுக்குள் வந்தது.

"தம்பி, வண்டியை விக்கறதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"மாமா சொல்றது சரிதான்."

"உங்களைக் கேட்டேன்."

"சரிதான் அத்தை."

"எதைக் கேட்டாலும் சரி. சாப்பிடறீங்களான்னா சரி. சாப்பிடலியான்னா அதுக்கும் சரி. நீங்க என்ன, சரி சொல்ற மெஷினா?"

நான் கியரை மாற்றினேன். கொண்டை ஊசி வளைவு வந்தது. பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

மேலே மூடுபனி. தோட்டத்து வாசலில் நின்ற அம்மாள் தடித்த ஸ்வெட்டரும் ரப்பர் காலணியும் போட்டிருந்தார். தோட்டம் அவருடையது.

"ஹாரன் தம்பி வரலியா? அவன் வந்தா முதல் வளைவுலயே தெரிஞ்சிடும். என் கோழியெல்லாம் ஓடும்."

அத்தை ஸ்டூலில் காலை வைத்து இறங்கினார்.

"நான் இந்த லாரியை ஓட்டின பொண்ணோட அம்மா."

"டிரைவரம்மாவோட அம்மாவா?" அந்த அம்மாள் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார். "சொல்லவே வேண்டாம். அதே மூக்கு."

நான் பின் கதவைத் திறந்து விறகை இறக்க ஆரம்பித்தேன். கட்டை மேல் கட்டை விழும் சத்தம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"ஒரு விஷயம் பேசத்தான் வந்தேன். கொண்டு வர்ற கூலி வேண்டாம்னு என் பொண்ணு உங்களுக்குச் சொல்லியிருக்கா. அவ இருந்தவரைக்கும் அது அவ இஷ்டம். இப்ப எங்களால முடியல. டீசல் விக்கற விலையில... தப்பா எடுத்துக்காதீங்க."

"கூலி வேண்டாம்னு அவளா சொன்னா?" அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது. "நல்லா இருக்கே கதை! கூலி விஷயத்துல அவ எவ்வளவு கறார் தெரியுமா? இதே இடத்துல நின்னுக்கிட்டு என் உயிரை எடுத்தா."

நான் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தேன்.

"பின்ன?" என்றார் அத்தை.

"வாங்க, காட்டறேன்."

வாசலுக்குச் சற்றுக் கீழே, சாலை திரும்பும் இடத்தில் ஒரு சமதளம். அங்கே மரங்கள் அடுக்கிக் கிடந்தன. வெட்டிய பழமரங்களின் அடிமரம், தடித்த கிளை. ஈரம் காயாதவை. வெட்டுவாய் செம்மண் நிறத்தில் இருந்தது.

"எங்க தோட்டத்துல காய்ப்பு நின்ன மரத்தை வருஷம் முழுக்க வெட்டிக்கிட்டே இருக்கோம். புதுசு வெக்கணுமே. ஆனா இந்தப் பனியில இது எப்பக் காயறது, எப்ப எரிக்கறது? வெறும் புகை. அதனாலதான் உங்ககிட்ட காஞ்ச விறகு வாங்கறோம். இந்த மரத்தை என்ன பண்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். அவதான் கேட்டா. 'விறகுக்கு விலை குடுங்க, கொண்டு வந்த கூலிக்கு இந்த மரத்தைக் குடுங்க. நானே ஏத்திட்டுப் போறேன். வண்டி சும்மா இறங்கக் கூடாது'ன்னா."

வண்டி சும்மா இறங்கக் கூடாது. அது அவள் பேச்சுத்தான். யாருக்காவது எதையாவது கொடுக்கப் போனால்கூட வெறுங்கையோடு திரும்ப மாட்டாள்.

"இந்த மரம் எங்க கடைக்கு வந்ததே இல்லையே" என்றேன்.

"கடைக்கு எதுக்கு வரும்? நல்ல பலகை மரம் இது. கீழ உங்க மில்லுல இறக்குவா. அதுக்குப் பதிலா அங்கேருந்து ஓரத்துண்டு ஏத்திக்கிட்டுப் போவா. அவளே சொல்லியிருக்கா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

பெரிய மாப்பிள்ளை எதையும் சும்மா கொடுக்கவில்லை.

"சரி, இப்ப இந்த மரமெல்லாம்?" அத்தை மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு எடுத்துடுவாங்க. விறகு வந்த மறுநாள் உங்க பெரிய மாப்ளை வண்டி வருமே."

"எங்க பெரிய மாப்ளை வண்டியா?"

"ஆமாம்மா. அவ போன கொஞ்ச நாள்ல அவரே நேர்ல வந்தாரு. 'விறகு அவங்க வண்டியில வரும், மரம் என் வண்டியில போகும், எல்லாம் ஒரே குடும்பம்தான்'னாரு. பேசும்போது கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு. நான்தான் தண்ணி குடுத்தேன்." அந்த அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்? அப்படி இல்லையா?"

அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனி தலைமுடியில் துளித்துளியாக இறங்கியிருந்தது. குடையை விரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஒரே குடும்பம்தான்" என்றார்.

என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அடுக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். இத்தனை மாதம் லாரி இதே வளைவில் இந்த மரத்தைத் தாண்டித்தான் காலியாக இறங்கியது. நான் கடையில் உட்கார்ந்து நஷ்டத்தைக் கூட்டினேன். அவளுடைய தர்மம் என்று மாமா தலையைக் குனிந்தார். செத்துப்போனவளிடம் பேரம் பேசக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

"இன்னிக்கு நாங்களே ஏத்திக்கறோம்" என்றேன்.

"தாராளமா. ஆளைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க."

தடித்த மரம் முதலில், குறுக்காகக் கட்டை போட்டு, கேபினை ஒட்டி. இந்த முறை தப்பு செய்யவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டியபோது உள்ளங்கை கிழிந்தது. அத்தை கைக்குட்டை கொடுத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த அம்மாள் ஜன்னலருகே வந்தார். "கூலி பாக்கி எதுவும் இல்லையே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் கண்ணில் பயம் இருந்தது.

"இல்லம்மா" என்றார் அத்தை. "எல்லாம் அவளே பேசி முடிச்சிருக்கா."

லோடு ஏறிய லாரி இறங்கும்போது வேறு மாதிரி இருக்கும். ஆடாது. பின்னாலிருந்து யாரோ அமைதியாகத் தள்ளுவது போல இருக்கும். இரண்டாவது கியரிலேயே விட்டேன்.

மூன்று வளைவு தாண்டிய பிறகு அத்தை பேசினார்.

"பெரிய மாப்ளை ஓரத்துண்டு சும்மா குடுக்கறாருன்னு உங்க மாமா பெருமை அடிப்பாரு. அப்பல்லாம் அவ சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிடுவா. ஏண்டி சிரிக்கறேன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

"ஏன் சொல்லல அவ?"

"அக்காவுக்காக. அக்கா வீட்டுக்காரர் நல்லவர்னு அப்பா சொல்லிக்கிட்டு இருக்கட்டும், அதுல அக்காவுக்கும் பெருமைதானேன்னு இருந்திருப்பா. வேற என்ன?"

அடுத்த வளைவைத் திருப்பியதும் அத்தையே மறுபடியும் கேட்டார்.

"மரத்தைத்தான் ஏற்கெனவே எடுத்துக்கறாரே. அப்புறம் வண்டி எதுக்கு அவருக்கு?"

"விறகு மேல போனாத்தான் மரம் கீழ வரும் அத்தை. விறகு நம்மது. வண்டி அவர்துன்னா, ஏறும்போது நம்மகிட்ட கூலி வாங்கிக்கலாம். இறங்கும்போது மரம். ரெண்டு வழியும் அவருக்கு லோடு."

அத்தை அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு திடீரென்று வேகமாகப் பேசினார்.

"இதை அங்க சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன். இருக்கறது ஒரு பொண்ணு. அவ அந்த வீட்டுல வாழணும். நீங்க கையெழுத்து மட்டும் இன்னிக்கு வேண்டாம், நாள் சரியில்ல, பேனா எழுதல, ஏதாவது சொல்லிடுங்க."

"சரி."

"சரின்னு சொல்லாதே!" அத்தை டாஷ்போர்டில் அடித்தார். இத்தனை வருஷத்தில் என்னை நீ என்று அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "திட்டு. கத்து. என் பொண்ணு சம்பாதிச்சதை ஒருத்தன் எடுத்துட்டுப் போறான், உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு அத்தை."

"என்ன இருக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "முழங்கால் வலிக்குது."

அத்தை என் முழங்காலைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார். அது ஏன் அங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கவனமாகச் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அடிவாரத்தில் சகலையின் மில். ரம்பச் சத்தம் சாலை வரை கேட்டது. வாசலில் ஓரத்துண்டுகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்து ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். லாரியைப் பார்த்ததும் தம்ளரோடு கட்டுகளுக்குப் பின்னால் குதித்தான்.

"அது ஹாரன்தானே?"

"ஆமா."

"வயித்து வலின்னு சொன்னான்?"

"சொன்னான்."

"நல்லாவே குதிக்கறான்."

கண்ணாடியில் பார்த்தேன். ஹாரன் சாலைக்கு வந்து நின்றிருந்தான். லாரியின் பின்புறத்தை, அதில் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைக் காதில் வைத்தான்.

"போன் பண்றான்" என்றேன்.

அத்தை முகத்தைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"பண்ணட்டும். நீங்க வேகமா போங்க."

வெயில் சாய்ந்திருந்தது. கடைத் தெருவுக்குள் திரும்பினேன். எதிரே மூடிய கேட். அதற்கு வெளியே சகலையின் கார்.

நான் ஹாரன் அடிக்கவில்லை. கேட் தானாகத் திறந்தது.

மாமா ஓடிவந்திருந்தார். ஒரு கதவைத் திறந்துவிட்டு நின்றார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். காலியாக வரும் லாரி கடகடவென்று வரும். லோடு லாரி கனமாக, அடித்தொண்டையில் வரும். வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டவர். மறு கதவையும் தள்ளித் திறந்தார். இரண்டு கதவும் திறந்தால்தான் லோடு வண்டி உள்ளே வரும். இத்தனை மாதமாக அதற்கு வேலை வரவில்லை.

"மாப்ளை, என்ன லோடு இது?" என்று கேட்டுக்கொண்டே லாரியோடு நடந்தார். கையால் மரத்தைத் தொட்டார். இன்று முதல் தடவையாக லாரியை நேராகப் பார்த்தார்.

சகலை தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர் கவர். லாரியின் மாற்றுச் சாவியை மாமா ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். மரத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. ஹாரனின் போன் வந்திருக்க வேண்டும்.

"வாங்க சகலை! உங்களுக்கு லாரி எல்லாம் ஓட்டத் தெரியுமா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"எனக்கும்தான் அண்ணே" என்றேன்.

அத்தை ஸ்டூல் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே குதித்தார். தடுமாறி நின்றார். வழியெல்லாம் என்னை வாயை மூடச் சொன்னவர், நேராகச் சகலைக்கு முன்னால் போனார்.

"மாப்ளை, இந்த மரத்தை எங்க இறக்கறது? இங்கயா, உங்க மில்லுலயா?"

சாவி வளையம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"என்ன அத்தை, எந்த மரம்?" என்று சிரித்தார் சகலை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நல்ல நேரம் போகுது. முதல்ல தம்பி கையெழுத்தைப் போட்டுடட்டும். போன வாரமே சரின்னு சொல்லியாச்சு. என்ன சகலை, சரிதானே?"

கவரைப் பிரித்துப் பேனாவை நீட்டினார். மாமா என்னைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

கைக்குட்டை கட்டிய கையை நீட்டவில்லை நான்.

"இல்லண்ணே. வண்டி விக்கறதுக்கில்ல."

சொன்ன பிறகுதான் குரல் எவ்வளவு பலமாக வந்தது என்று தெரிந்தது. வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் நின்றது.

பெரியவள் வெளியே வந்தாள். கையில் டீ தட்டு. என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, லாரியைப் பார்த்தாள். தட்டைத் தராசின் மேல் வைத்துவிட்டு மரத்தின் அருகில் போனாள். வெட்டுவாயில் விரலை வைத்துப் பார்த்தாள். மில்லிலேயே வாழ்பவள், மரம் தெரியும்.

"இது மலைத் தோட்டத்து மரம்தானே?" கணவன் பக்கம் திரும்பினாள். "இதுக்கு வாராவாரம் எங்க அப்பாகிட்ட விலை குடுத்துக்கிட்டிருக்கேன்னு இல்ல என்கிட்ட சொன்னீங்க?"

சகலை எழுந்து நின்றார். மாமா தராசைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் லாரியின் பின் கதவுக் கொக்கியைத் தட்டித் திறந்தேன். முதல் மரம் மண்ணில் விழுந்தது. சகலை திரும்பி லாரியைப் பார்த்தார். விரல்களை மடக்கிக்கொண்டார்.

திருப்பித் தராத மாற்றுச் சாவி இன்னும் அந்தக் கைக்குள் இருந்தது.